பல்லாயிரம் குடும்பங்கள் சேர்ந்து தேடிய விடை: ஆட்டிசம் பற்றிய கூட்டாய்வுகள்

எங்கள் குழந்தை வளர்ச்சிப் பிரிவுக்கு வரும் பெற்றோர் அனைவரும் இரண்டு கேள்விகளைக் கேட்கின்றனர். முதலாவது, "எங்கள் குழந்தைக்கு இது ஏன் வந்தது?" என்பது. இரண்டாவது, "இதற்கு என்ன சிகிச்சை இருக்கிறது?" என்பது. முதல் கேள்விக்குள் சொல்லப்படாத இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கும். அது பெரும்பாலும் தாயின் மனத்தில் இருப்பது: "நான் ஏதேனும் தவறு செய்துவிட்டேனா?"

இக்கேள்விகளுக்கு ஒரு மருத்துவரோ ஒரு மருத்துவமனையோ தனித்து நின்று விடை காண இயலாது. தமிழில் மதியிறுக்கம் என்றும் அழைக்கப்படும் ஆட்டிசம், குழந்தைக்குக் குழந்தை வேறுபடுவது. ஒரு குழந்தை பேசாது. இன்னொரு குழந்தை ஓயாமல் பேசும், ஆனால் உரையாடத் தெரியாது. ஒரே மருத்துவமனையில் காணும் நூறு குழந்தைகளை வைத்துக்கொண்டு பொதுவான காரணத்தைத் தேடினால் தவறான முடிவுக்கே வர நேரும். ஆகவேதான் கடந்த சில பத்தாண்டுகளாகப் பல நாடுகளின் ஆய்வாளர்களும் பல்லாயிரம் குடும்பங்களும் கைகோத்து இவ்விடைகளைத் தேடி வருகின்றனர். அந்தத் தேடல் இதுவரை எதைக் கண்டது, அது நம் வீட்டுக் குழந்தைக்கு எவ்வாறு பயன்படும் என்பதை இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறோம்.

தாயின் மீது சுமத்தப்பட்ட பழி

1943-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய லியோ கேனர் என்ற மருத்துவர், 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆட்டிசம் இன்று நாம் அறியும் பொருளில் மருத்துவ உலகுக்கு அறிமுகமானது அக்கட்டுரையின் வழியாகவே. அடுத்து வந்த ஆண்டுகளில் ஒரு கொடிய கருத்து பரவியது. தாயின் அன்பு குளிர்ந்துபோனதால்தான் குழந்தை தனக்குள் ஒடுங்கிவிட்டது என்பதே அக்கருத்து. 'குளிர்பதனப் பெட்டித் தாய்மார்' என்ற சொல்லே புழக்கத்துக்கு வந்தது. சிகாகோவைச் சேர்ந்த புரூனோ பெட்டல்ஹைம் 1967-இல் எழுதிய நூல் இக்கருத்தை உலகெங்கும் கொண்டு சென்றது. இதற்கு அறிவியல் சான்று எதுவும் இருக்கவில்லை. ஆயினும் ஒரு தலைமுறைத் தாய்மார்கள் அந்தப் பழியைச் சுமந்தனர்.

இப்பழியை முதலில் எதிர்த்தவர்களுள் ஒருவர் பெர்னார்ட் ரிம்லாண்ட். அவர் உளவியலாளர், ஆட்டிசம் உடைய ஒரு மகனின் தந்தையும் ஆவார். 1964-இல் வெளியான தம் நூலில், ஆட்டிசத்தின் வேர் வளர்ப்பு முறையில் இல்லை, மூளையின் வளர்ச்சியில் இருக்கிறது என்று அவர் வாதிட்டார்.

வாதத்துக்குச் சான்று 1977-இல் வந்தது. லண்டனில் சூசன் ஃபோல்ஸ்டைன், மைக்கேல் ரட்டர் ஆகிய இருவரும் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்தனர். ஒவ்வோர் இணையிலும் ஒருவருக்கேனும் ஆட்டிசம் இருந்தது. மரபணுக்கள் முழுவதும் ஒன்றாக உள்ள ஒரு கரு இரட்டையர் 11 இணைகளில் 4 இணைகளில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. உடன்பிறந்தோரைப் போலப் பாதி மரபணுக்களை மட்டும் பகிரும் இரு கரு இரட்டையர் 10 இணைகளில் ஒன்றில்கூட அவ்வாறு இல்லை. இருவகை இரட்டையரும் ஒரே தாயின் கையில், ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். வளர்ப்பே காரணமாக இருந்திருந்தால் இந்த வேறுபாடு தோன்றியிருக்காது. மரபணுக்களின் பங்கு இவ்வாறு வெளிப்பட்டது.

மரபணுத் தேடலுக்கு ஏன் இத்தனை பேர் தேவைப்பட்டனர்?

மரபணுக்கள் காரணம் என்று தெரிந்ததும், 'ஆட்டிசம் மரபணு' ஒன்று விரைவில் கிடைத்துவிடும் என்று பலர் எதிர்பார்த்தனர். அவ்வாறு ஒன்று இல்லை என்பது பின்னர் தெளிவாயிற்று. நூற்றுக்கணக்கான மரபணுக்கள் இதில் பங்கு கொள்கின்றன. அவற்றுள் ஒவ்வொன்றும் மிகச் சில குழந்தைகளிடம் மட்டுமே காரணமாக அமைகிறது. ஆயிரம் பேரில் ஓரிருவரிடம் மட்டும் காணப்படும் ஒரு மாற்றத்தை நூறு பேரிடம் தேடினால் அது கண்ணில் படாமலே போகலாம். பட்டாலும் அது தற்செயலா காரணமா என்று பிரித்தறிய முடியாது.

இந்தத் தடையை உடைப்பதில் பெற்றோர் பெரும்பங்கு வகித்தனர். அமெரிக்காவில் பெற்றோர் தொடங்கிய 'க்யூர் ஆட்டிசம் நவ்' என்ற அமைப்பு, 1997-இல் ஒரு மரபணு வங்கியை நிறுவியது. அக்காலத்தில் ஒவ்வோர் ஆய்வுக்கூடமும் தான் திரட்டிய இரத்த மாதிரிகளைத் தன்னிடமே வைத்துக்கொள்வது வழக்கம். பெற்றோர் நிறுவிய வங்கியோ, குடும்பங்களிடமிருந்து பெற்ற மாதிரிகளைத் தகுதியுள்ள ஆய்வாளர்கள் எல்லோருக்கும் திறந்துவிட்டது. பின்னர் பெருங்கூட்டணிகள் உருவாயின. 2007-இல் முதல் பெரும் முடிவுகளை வெளியிட்ட ஆட்டிசம் ஜீனோம் திட்டத்தில் 19 நாடுகளைச் சேர்ந்த 50-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் பங்கேற்றன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் மாதிரி வழங்கின.

2010-இல் தொடங்கிய மற்றொரு பன்னாட்டுக் கூட்டணி, 2020-இல் 35,584 பேரின் மரபணுத் தரவுகளை ஆராய்ந்து முடிவை வெளியிட்டது. அவர்களுள் 11,986 பேர் ஆட்டிசம் உடையவர்கள். ஆட்டிசத்துடன் தொடர்புடைய 102 மரபணுக்கள் அந்த ஆய்வில் அடையாளம் காணப்பட்டன. அவற்றுள் பல, கருவில் மூளை உருவாகும் காலத்தில் செயல்படுபவை. சில, நரம்பணுக்கள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறும் இணைப்புகளைக் கட்டமைப்பவை.

இவ்வாய்வுகள் தந்த செய்திகளில் பெற்றோர் அறிய வேண்டிய ஒன்று உண்டு. இம்மாற்றங்களில் பல, தாயிடமும் இல்லாதவை, தந்தையிடமும் இல்லாதவை. கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது, உயிரணு தன் மரபணுக்களைப் படியெடுக்கையில் நேரும் சிறு எழுத்துப் பிழை போன்றவை அவை. எந்த மனிதரும் விரும்பிச் செய்வதோ தவிர்க்கக்கூடியதோ அன்று இது.

வேறு பல குழந்தைகளிடம் இவ்வாறான ஒற்றைப் பெரிய மாற்றம் இராது. நம் எல்லோரிடமும் பரவலாகக் காணப்படும் ஆயிரக்கணக்கான சிறு வேறுபாடுகள் குறிப்பிட்ட விதத்தில் ஒன்றுசேர்வதால் அவர்களிடம் ஆட்டிசம் தோன்றுகிறது. டென்மார்க், பின்லாந்து, ஸ்வீடன், இஸ்ரேல், மேற்கு ஆஸ்திரேலியா ஆகிய பகுதிகளின் பதிவேடுகளை இணைத்து, 20 இலட்சம் குழந்தைகளைப் பற்றிய ஆய்வு 2019-இல் வெளிவந்தது. மக்களிடையே ஆட்டிசம் வேறுபடுவதில் ஏறத்தாழ 80 சதவீதம் மரபுவழிக் காரணிகளால் விளைவது என அது மதிப்பிட்டது. தாய் வழியாக மட்டும் ஏற்படும் தனிப்பட்ட விளைவு, இருந்தாலும் மிகச் சிறிதே என்றும் அது கண்டது. எங்களிடம் வரும் தாய்மார்கள் வேறு எதை மறந்தாலும் இந்த ஒரு முடிவை மறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

அடுத்த குழந்தையைப் பற்றிய கவலை

80 சதவீதம் என்ற எண்ணைக் கேட்டதும், அடுத்த குழந்தைக்கும் ஆட்டிசம் வர 80 சதவீத வாய்ப்பு உண்டு எனச் சிலர் அஞ்சுகின்றனர். அந்த எண்ணின் பொருள் அதுவன்று. தம்பி தங்கையருக்கு உள்ள வாய்ப்பைப் பச்சிளம் உடன்பிறப்புகள் பற்றிய பன்னாட்டுக் கூட்டாய்வு நேரடியாகவே அளந்தது. ஆட்டிசம் உடைய மூத்த குழந்தை உள்ள வீடுகளில் பிறந்த குழந்தைகளைப் பிறந்த சில மாதங்களிலிருந்தே தொடர்ந்து பார்த்து, மூன்று வயதில் மதிப்பிட்டனர். 2011-இல் 664 குழந்தைகளை வைத்துக் கண்ட விகிதம் 18.7 சதவீதம். 2024-இல் 1,605 குழந்தைகளை வைத்து மீண்டும் கணக்கிட்டபோது 20.2 சதவீதம். அதாவது ஐந்தில் ஒரு குழந்தை. ஐந்தில் நால்வருக்கு ஆட்டிசம் இல்லை. பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கு இவ்வாய்ப்பு கூடுதல்.

இந்த எண்ணால் நமக்குக் கிடைக்கும் பயன், விழிப்புடன் இருப்பது. ஒரு வயது நிறைந்தும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, ஒன்றரை வயதிலும் விரல் நீட்டிக் காட்டாமை, இரண்டு வயதிலும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாமை, எந்த வயதிலும் கற்ற சொற்களை இழத்தல் ஆகியவற்றுள் ஏதேனும் தென்பட்டால் காத்திராமல் காட்டுங்கள். "ஆண் பிள்ளை தாமதமாகத்தான் பேசுவான்" என்று உறவினர் கூறும் ஆறுதலை நம்பி ஓராண்டைக் கடத்திவிட வேண்டாம்.

தடுப்பூசி, பாராசிட்டமால் பற்றிய ஐயங்கள்

1998-இல் லான்செட் இதழில், 12 குழந்தைகளை மட்டும் வைத்து எழுதப்பட்ட ஒரு கட்டுரை, எம்.எம்.ஆர். தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பிருக்கலாம் என்ற அச்சத்தை விதைத்தது. நேர்மையற்ற முறையில் தயாரிக்கப்பட்ட அக்கட்டுரையை 2010-இல் அவ்விதழே திரும்பப் பெற்றது. டென்மார்க்கில் பிறந்த 6,57,461 குழந்தைகளைத் தொடர்ந்து கண்காணித்த ஆய்வு 2019-இல் வெளியானது. தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களிடமும் போடாதவர்களிடமும் ஆட்டிசம் தோன்றும் வாய்ப்பில் வேறுபாடு இல்லை. மூத்த குழந்தைக்கு ஆட்டிசம் இருந்த வீடுகளிலும் முடிவு அதுவே. எனவே தம்பி தங்கையருக்குத் தடுப்பூசியை நிறுத்துவதால் ஆட்டிசம் தடைபடாது. தட்டம்மைக்கு மட்டுமே கதவு திறக்கும்.

கருவுற்ற காலத்தில் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் உட்கொண்டதை நினைத்து வருந்தும் தாய்மாரும் உள்ளனர். ஸ்வீடனில் 24 இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பற்றிய ஆய்வு 2024-இல் வந்தது. மொத்தக் கணக்கில் மிகச் சிறிய வேறுபாடு தென்பட்டது. ஆனால் ஒரே தாய் ஒரு கருவின்போது மருந்தை உட்கொண்டும் மற்றொரு கருவின்போது உட்கொள்ளாமலும் பெற்ற உடன்பிறப்புகளை ஒப்பிட்டபோது அவ்வேறுபாடு மறைந்துவிட்டது. முதலில் தெரிந்த வேறுபாடு குடும்பத்தின் மரபிலிருந்தோ சூழலிலிருந்தோ வந்தது, மருந்திலிருந்து வந்ததன்று என்று கருதுவதே இதனால் பொருத்தம்.

மாற்றம் எதனால் வந்தது?

சிகிச்சை ஆய்வுகளில் ஒப்பீட்டுக் குழு ஏன் தேவை என்பதற்குச் செக்ரெட்டின் என்ற மருந்தின் வரலாறே நல்ல பாடம். இது செரிமானத்துக்கு உதவும் ஒரு ஹார்மோன். 1998-இல், இதை ஊசியாகப் பெற்ற மூன்று குழந்தைகளின் பேச்சும் பழகும் தன்மையும் மேம்பட்டதாக ஒரு கட்டுரை வந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அம்மருந்தைத் தேடி அலைந்தன. 1999-இல் 60 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்குச் செக்ரெட்டினும் மறு குழுவுக்கு வெறும் உப்புநீரும் ஊசியாகத் தந்தனர். யாருக்கு எது என்பது பெற்றோருக்கும் தெரியாது, மதிப்பிட்டவருக்கும் தெரியாது. இரு குழுவினரும் ஒரே அளவில் முன்னேறினர்.

உப்புநீர் பெற்ற குழந்தை எவ்வாறு முன்னேறியது? குழந்தைகள் வளர்கின்றனர். நல்ல நாளும் கடினமான நாளும் மாறி மாறி வருகின்றன. நம்பிக்கையோடு பார்க்கும் கண்ணுக்குச் சிறு மாற்றமும் பெரிதாகத் தெரிகிறது. முடிவைத் தெரிவித்த பிறகும் அந்த ஆய்வில் பங்கேற்ற பெற்றோருள் 69 சதவீதத்தினர் அம்மருந்தில் ஆர்வம் குறையாதிருந்தனர். அவர்களைக் குறை கூற எங்களால் இயலாது. பிள்ளைக்காகத் தேடும் மனம் எளிதில் கைவிடாது. அதனாலேயே அந்த மனத்துக்குக் காவலாக முறையான ஆய்வு தேவைப்படுகிறது.

அதன் பின் பல மருந்துகள் இதே முறையில் சோதிக்கப்பட்டன. ஐந்து அமெரிக்க மையங்கள் இணைந்து 101 குழந்தைகளிடம் நடத்தி 2002-இல் வெளியிட்ட ஆய்வில், ரிஸ்பெரிடோன் கடும் சினத்தையும் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வதையும் குறைத்தது. மருந்து பெற்றவர்களில் 69 சதவீதத்தினர் தெளிவாக முன்னேறினர். மருந்துப்போலி பெற்றவர்களில் 12 சதவீதத்தினரே. அதே வேளையில் எட்டு வாரத்தில் சராசரியாக 2.7 கிலோ எடை கூடியது. ஆகவே தேவைப்படும் குழந்தைக்கு மட்டும், எடையையும் இரத்தப் பரிசோதனையையும் கண்காணித்தே இதைத் தருகிறோம். 2021-இல் 290 குழந்தைகளிடம் 24 வாரங்கள் சோதிக்கப்பட்ட ஆக்சிடோசின் மூக்குத் தெளிப்பு, மருந்துப்போலியைவிடக் கூடுதல் பயன் எதையும் தரவில்லை. ஆட்டிசத்தின் அடிப்படைத் தன்மைகளை மாற்றும் என உறுதியாக நிறுவப்பட்ட மருந்து இன்றளவும் இல்லை.

குருத்தணு எனப்படும் ஸ்டெம் செல் சிகிச்சை குறித்தும் அடிக்கடி கேட்கப்படுகிறது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 180 குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தம் செலுத்தி நடத்திய ஒப்பீட்டு ஆய்வு 2020-இல் வெளிவந்தது. முதன்மையாக அளக்கப்பட்ட சமூகத் தொடர்புத் திறனில் இரு குழுக்களுக்கும் வேறுபாடு காணப்படவில்லை. இந்தியாவில் தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் ஆட்டிசத்துக்கு இச்சிகிச்சையைப் பரிந்துரைக்கவில்லை என 2022-இல் அறிவித்துவிட்டது. நகையை விற்றோ வீட்டை அடமானம் வைத்தோ இதற்குப் பணம் கட்டும் முன் தயவுசெய்து எங்களிடம் ஒருமுறை பேசுங்கள்.

பெற்றோரே பயிற்சியாளர்

மருந்துகள் தராத ஒன்றைப் பெற்றோருக்கான பயிற்சி ஓரளவு தந்திருக்கிறது. பிரிட்டனில் மூன்று மையங்கள் சேர்ந்து 152 மழலையரிடம் ஓர் ஆய்வு நடத்தின. பெற்றோர் குழந்தையுடன் விளையாடுவதைக் காணொளியாகப் பதிவு செய்து, பேச்சுப் பயிற்சியாளரும் பெற்றோரும் அதைச் சேர்ந்து பார்ப்பர். குழந்தை கண்ணாலோ கையாலோ ஒலியாலோ எப்போது தொடர்புகொள்ள முயல்கிறது, அப்போது எவ்வாறு மறுமொழி தருவது என்பதைப் பெற்றோர் படிப்படியாகக் கற்பர். 2010-இல் வெளியான முதல் முடிவு அத்தனை ஊக்கமளிப்பதாக இல்லை. ஆனால் பயிற்சி முடிந்து ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் கழித்து 121 குழந்தைகளை மீண்டும் மதிப்பிட்டபோது, கடுமையான அறிகுறிகள் உடையவர்கள் பயிற்சிக் குழுவில் 46 சதவீதமாகவும் மற்றக் குழுவில் 63 சதவீதமாகவும் இருந்தனர்.

இதே பயிற்சியை நம் பகுதிக்கு ஏற்ப மாற்றி, கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளிடம் சோதித்தனர். சிறப்பு வல்லுநர் குறைவான இடங்களில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்களே வீடுதேடிச் சென்று கற்பித்தனர். 2015-இல் வந்த முடிவுகளின்படி, பெற்றோரின் மறுமொழித் திறனும் குழந்தை தானாக முன்வந்து தொடர்புகொள்வதும் கூடின. இருவரும் சேர்ந்து ஒன்றைக் கவனிக்கும் நேரம் மட்டும் கூடவில்லை. இரு நாட்டு ஆய்வாளர்கள் எல்லை கடந்து இணைந்த இம்முயற்சி, விலையுயர்ந்த மையங்கள் இல்லாத ஊரிலும் வழி உண்டு என்பதைக் காட்டியது.

யாருக்காக இந்த ஆய்வு?

ஆட்டிசம் உடையவர்கள் வளர்ந்து பெரியவர்களாகித் தமக்காகத் தாமே பேசுகின்றனர். 'எங்களை மாற்றுவதைவிட எங்கள் வாழ்வை எளிதாக்குங்கள்' என்பது அவர்களில் பலரின் வேண்டுகோள். 2016-இல் பிரிட்டனில் ஆட்டிசம் உடையவர்கள், குடும்பத்தினர், மருத்துவர்கள் ஆகியோர் ஒன்றுகூடி ஆய்வுக்குரிய தலைப்புகளை வரிசைப்படுத்தியபோது, மனநலத்தை மேம்படுத்தும் வழிகளே முதலிடம் பெற்றன. உறக்கமின்மை, வலிப்பு, பதற்றம் ஆகியவை இன்று ஆய்வாளரின் கவனத்தைப் பெறுவதில் இக்குரல்களுக்கும் பங்குண்டு.

உங்களை ஓர் ஆய்வுக்கு அழைத்தால்

உங்கள் குழந்தையின் இரத்தமோ உமிழ்நீரோ ஆய்வுக்காகக் கேட்கப்படலாம். புதிய சிகிச்சை ஒன்றின் சோதனைக்கு அழைக்கப்படலாம். அப்போது கீழ்க்கண்டவற்றைத் தயங்காமல் கேளுங்கள்.

மருத்துவமனையின் நெறிமுறைக் குழு இதற்கு ஒப்புதல் அளித்துள்ளதா? மருத்துவச் சோதனையாயின், இந்திய மருத்துவச் சோதனைகள் பதிவேட்டில் பதியப்பட்டுள்ளதா? ஒப்பீட்டுக் குழு உண்டா? எங்கள் குழந்தையின் அடையாளம் எவ்வாறு காக்கப்படும்? மரபணு முடிவு எங்களுக்குத் தெரிவிக்கப்படுமா? பாதியில் விலகலாமா?

ஒப்புதல் படிவத்தை நீங்கள் அறிந்த மொழியில் பெற்று, வீட்டுக்கு எடுத்துச் சென்று, படித்து, பேசி முடிவெடுக்கலாம். ஏழு வயதைக் கடந்த குழந்தையிடம், அதற்குப் புரியும் அளவில் சொல்லி, அதன் இசைவையும் பெற வேண்டும். மறுத்தாலும் இடையில் விலகினாலும் வழக்கமான சிகிச்சையில் எக்குறையும் நேரக்கூடாது. சோதனை நிலையில் உள்ள சிகிச்சைக்கு உங்களிடமே பணம் கேட்டால், அதை எச்சரிக்கையாகக் கொள்ளுங்கள்.

மரபணு ஆய்வில் சேர்வதால் உங்கள் குழந்தைக்கு உடனடிப் பயன் கிடைக்காமல் போகலாம். இதை நாங்கள் மறைக்க விரும்பவில்லை. இன்று ஒரு தாயிடம் "இது உங்கள் தவறன்று" என்று எங்களால் உறுதியோடு சொல்ல முடிவது, முன்பின் அறியாத பல்லாயிரம் குடும்பங்கள் தம் மாதிரிகளையும் நேரத்தையும் தந்ததால்தான்.

இதற்கிடையே, ஆய்வுகளின் முடிவுக்காக எதையும் ஒத்திவைக்க வேண்டாம். செவித்திறன் பரிசோதனையை முடித்துவிடுங்கள். பேச்சுப் பயிற்சியையும் வீட்டுப் பயிற்சியையும் தொடருங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இடம்பெற்றுள்ளது; சான்றிதழும் அடையாள அட்டையும் பெற்றுக்கொள்ளுங்கள். தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் குழந்தையைச் சேர்த்துவிடுங்கள். செய்தித்தாளிலோ கைப்பேசியிலோ புதிய சிகிச்சை எதையேனும் கண்டால், அதைக் குறித்து வைத்துக்கொண்டு அடுத்த வருகையின்போது எங்களிடம் காட்டுங்கள். எத்தனை பேரிடம் சோதித்தனர், எதனோடு ஒப்பிட்டனர் என்ற இரண்டு கேள்விகளோடு அதைச் சேர்ந்தே படித்துப் பார்ப்போம்.